ஊசி போட்டால் கொம்பு முளைக்குமா?

1802-ம் ஆண்டு ஜூன் மாதம். லண்டன் நகரில் ஒரு கேலிச் சித்திரம் விற்பனைக்கு வந்தது. வரைந்தவர் பெயர் ஜேம்ஸ் கில்ரே. அரசர், மந்திரி என்று யாரையும் விட்டுவைக்காத ஆசாமி!

படத்தில் இருப்பது ஓர் ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு பெண் நாற்காலியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் அவள் கையைக் கீறி மருந்து வைக்கிறார். பக்கத்தில் ஒரு சிறுவன் வாளி நிறைய மருந்தோடு நிற்கிறான். ஏற்கெனவே மருந்து வைத்துக்கொண்டவர்கள் சுற்றிலும் நிற்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து மாடு முளைக்கிறது. இன்னொருவர் மூக்கிலிருந்து மாடு எட்டிப் பார்க்கிறது. வேறொருவர் வாயிலிருந்து மாடு வருகிறது!

அந்த டாக்டர்தான் எட்வர்டு ஜென்னர். பெரியம்மைக்குத் தடுப்பு முறை கண்டவர்.

பால்காரியின் கொப்புளம்

அந்தக் காலத்தில் பெரியம்மை கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்தார்கள். பிழைத்தவர்கள் பலருக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண் போயிற்று.

பால் கறக்கும் பெண்களுக்கு மட்டும் அம்மை வருவதில்லை என்று கிராமத்தார் பேசிக்கொண்டார்கள். மாட்டு மடியில் வரும் லேசான அம்மை அவர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும். நாலு கொப்புளம் வரும், போகும். அதன் பிறகு பெரியம்மை அவர்களைத் தொடாது.

ஜென்னர் இதைக் கேட்டார், சிரிக்கவில்லை. 1796-ம் ஆண்டு மே 14-ந் தேதி ஒரு பால்காரியின் கையில் இருந்த கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற 8 வயதுப் பையன் கையில் கீறி வைத்தார். பிறகு பெரியம்மை நீரையே வைத்துப் பார்த்தார். பையனுக்கு அம்மை வரவில்லை! (இன்று எந்த டாக்டரும் ஒரு குழந்தையிடம் அப்படிச் சோதிக்க முடியாது. விடமாட்டார்கள்.)

'வாக்சின்' என்கிறோமே, அந்தச் சொல்லே பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மாட்டுச் சரக்கை மனிதன் உடம்பில் வைத்தால் மனிதன் மாடாகிவிடுவான் என்று சில டாக்டர்களே எழுதினார்கள். 1805-ல் வந்த ஒரு புத்தகத்தில் 'மாட்டு முகப் பையன்' என்று ஒரு படமே போட்டிருந்தார்கள்.

கில்ரே யாரைக் கிண்டல் செய்தார்? மருந்தையா, அல்லது மாடு முளைக்கும் என்று புளுகியவர்களையா? இரண்டு விதமாகவும் சொல்லலாம். ஆனால் பார்த்த ஜனங்களுக்கு அந்த நுட்பம் எதற்கு? கண்ணில் பட்டது மாடு. மனதில் பதிந்ததும் மாடு!

நோய்க்கு எதிரான மருந்தைக் கேலி செய்கிறவர், தன் படத்தைப் பார்த்து மிரண்ட தாய் பிள்ளையை எங்கே ஒளித்துவைப்பாள் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

எல்லிஸ் துரையின் யுக்தி

நம் நாட்டுக்கும் அதே 1802-ம் ஆண்டில் அந்த மருந்து வந்தது. ஜூன் 14-ந் தேதி பம்பாயில் ஒரு 3 வயதுக் குழந்தைக்கு முதலில் வைத்தார்கள். பிறகு சென்னைக்கும் வந்தது.

இங்கே அம்மை என்றால் ஆத்தாள். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் நுழைந்தால் குழந்தைகளோடு தாய்மார்கள் மறைந்துவிடுவார்கள். இதற்காக அவர்களை முட்டாள்கள் என்று சொல்வது தவறு. வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் யாரும் உள்ளே வராமல் தடுத்ததே நோய் பரவாமல் காக்கும் நல்ல வழிதான்.

சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, தமிழ் படித்தவர். திருக்குறளில் ஈடுபாடு உள்ளவர். அவர் ஒரு யுக்தி செய்தார். சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோலத் தமிழில் ஒரு கதை எழுதினார். பசு தந்த வரமே இந்த மருந்து என்பது கதையின் சாரம்.

நல்ல எண்ணந்தான். ஆனாலும் இதில் ஓர் ஆபத்து உண்டு. பிறகு 1819-ல், இந்த முறை பழைய வடமொழி நூலிலேயே இருக்கிறது என்று சென்னைப் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. அப்படிப் பழைய நூல் எதுவும் இல்லை! நல்லதற்காகச் சொன்ன பொய்யும் ஒருநாள் வெளுத்துப்போகும். அப்போது மருந்தின் மேலும் சந்தேகம் வரும்.

படகில் எமன்

இதே லண்டனில் 1858-ம் ஆண்டு கோடையில் தேம்ஸ் நதி நாறியது. ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில்தான் கலந்தது. 'பஞ்ச்' என்ற பத்திரிகை ஒரு படம் போட்டது. நதியில் எலும்புக்கூடாக எமன் படகு ஓட்டிப் போகிறான். அந்த ஆண்டே பார்லிமெண்ட் சட்டம் செய்தது. பெரிய சாக்கடைகள் கட்டப்பட்டன.

கேலி என்றால் இதுவல்லவா கேலி! அடி, அழுக்கின் மேலும் அலட்சியத்தின் மேலும் விழுந்தது. அப்பாவித் தாயின் மேல் விழவில்லை.

செட்டிகுளத்துச் சுவர்

பெரியம்மை 1980-ம் ஆண்டு உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கில்ரேயின் மாடு மட்டும் சாகவில்லை! 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, ஊசி போட்டால் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரும் உண்டு.

இதற்கு அறிக்கை மட்டும் போதாது. படத்துக்குப் படமே பதில். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கிறார். கீழே ஏகாம்பரேசுவரர் கோயிலில் குபேரன் உருவங்கள். எழுத்துத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று பெரியவர்கள் கல்லில் செதுக்கிவைத்த பாடம் அது.

அந்த ஊர்ப் பள்ளிச் சுவரில் பிள்ளைகளையே வரையவிடலாம். தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய தண்ணீர் போதும். முட்டை ஏழு முதல் பத்து நாளில் டெங்குக் கொசுவாகிவிடும். அதை இப்படி வரையலாம்: சிரட்டை வாசலில் மாவிலைத் தோரணம். கொசு கிரகப்பிரவேசம் செய்கிறது. உறவுக்காரக் கொசுக்கள் சீர்வரிசையோடு வருகின்றன. வீட்டுக்காரர் கைகூப்பி, "வாங்க, வாங்க!" என்கிறார். பின்னால் அவருடைய சின்ன மகள், சிரட்டையைக் கவிழ்க்கக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.