கேட்கிற ஒரு ஆள் வேண்டும்





அடுத்த இதழைச் சிறுகதைச் சிறப்பிதழாகக் கொண்டுவருகிறோம் என்று அறிவித்ததிலிருந்து கதைகளைவிடக் கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. நோட்டில் எழுதிவிட்டுத் தட்டச்சு செய்வதா, நேரே கைப்பேசியிலேயே எழுதிவிடலாமா? எந்தச் செயலி நல்லது? விடியக்காலையில் எழுதுவதா, வீடு அடங்கிய பிறகு எழுதுவதா? முழுக் கதையையும் மனசுக்குள் முடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டுமா? எல்லாம் நியாயமான கேள்விகள். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டிவிட்டும், நரிக்குடிப் பக்கம் மிளகாய்க் காட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டும் வந்து எழுதுகிறவர்களுக்கு நேரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படிச் செலவழித்தால் கதை நிற்கும் என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

எழுது கருவியைப் பற்றிப் பேச நம் திருச்சுழிக்குத் தனி உரிமை உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று இங்கே பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. திருவண்ணாமலைக் குகையில் அவர் பேசாமல் இருந்த காலத்தில், 1902 வாக்கில், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை அவரைத் தேடிப் போனார். தத்துவம் படித்தவர், மனசில் கேள்விகளோடு போனவர். அவர் கேட்கக் கேட்க, பதில்கள் எழுத்தில் வந்தன. சில மணலில் விரலால் எழுதியவை, சில சிலேட்டில், சில துண்டுத் தாளில். பிள்ளை அவற்றைப் பத்திரப்படுத்தினார். 1923இல் அவை ‘நான் யார்?’ என்ற நூலாக அச்சேறின. இன்று உலகின் பல மொழிகளில் வாசிக்கப்படும் ஒரு புத்தகத்தின் முதல் படி எழுதப்பட்ட இடங்களில் தரை மணலும் ஒன்று.

இதைப் படித்துவிட்டு, ‘கருவி முக்கியம் இல்லை’ என்று மட்டும் முடித்துக்கொள்ளாதீர்கள். அங்கே தாளும் பேனாவும் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார். எதிரே உட்கார்ந்து, அடுத்தது என்ன, அப்படியென்றால் இது எப்படி என்று விடாமல் கேட்டார். அவர் கேட்டதால்தான் அந்த நூல் இருக்கிறது. கதை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான்: பேனாவுக்கும் செயலிக்கும் முன்னால், உங்களைக் கேட்கிற ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

மகரிஷியின் தகப்பனார் சுந்தரம் ஐயர் வாழ்ந்த விதத்திலும் இதே பாடம் இருக்கிறது. சின்ன வயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் இரண்டு ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். பிறகு மனு எழுதுகிறவரானார். அதற்கும் பிறகுதான் திருச்சுழியில் வக்கீல். மனு எழுதுவது எவ்வளவு பெரிய பயிற்சி என்பதை இன்றைக்கும் எந்தத் தாலுகா அலுவலக வாசலிலும் போய்ப் பார்க்கலாம். பட்டா மாறுதலுக்காக வந்த ஒரு அம்மா கொழுந்தனாரிடமிருந்து ஆரம்பிப்பார், அங்கிருந்து மகள் கல்யாணத்துக்குப் போவார், வரப்புச் சண்டைக்கு வருவார், நடுவில் அழுவார். எழுதுகிறவர் முதலில் பேனாவைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கிறார். “இது எப்ப நடந்துச்சும்மா?” “அப்ப வீட்டுக்காரர் இருந்தாரா?” “வரப்பை வெட்டினதை யார் பார்த்தது?” அந்தப் பதில்கள் ஒரு வரிசைக்கு வந்த பிறகுதான் தாளில் முதல் வரி விழுகிறது. ஒரு கதைக்குத் தேவையான காலம், இடம், ஆள், சாட்சி நான்கும் அந்த வாசலில் கேள்வி கேட்டே வாங்கப்படுகின்றன.

மகன் எழுதிய ஒரு சீட்டையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதில், மதுரை வீட்டை விட்டுக் கிளம்பும்போது வேங்கடராமன் வைத்துவிட்டுப் போன கடிதம் அது. தகப்பனாராகிய இறைவனைத் தேடிப் போகிறேன், யாரும் தேடிச் செலவழிக்க வேண்டாம் என்கிற பெரிய செய்தி அதில் இருக்கிறது. கீழே ஒரு கணக்கும் இருக்கிறது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கிய ஐந்து ரூபாயில் மூன்றை ரயிலுக்கு எடுத்துக்கொண்டு, கட்டணம் இன்னும் கட்டவில்லை என்பதையும் எழுதி, மீதி இரண்டு ரூபாயை அந்தச் சீட்டோடு வைத்துவிட்டார். வாழ்க்கையையே மாற்றுகிற முடிவும் இரண்டு ரூபாயும் ஒரே தாளில். படிக்கப் போகிறவர் இன்னார் என்று தெரிந்து எழுதினால் இப்படித்தான் வரும். அண்ணன் முதலில் எதைக் கேட்பார் என்று தம்பிக்குத் தெரியும்.

தெற்கத்திக் கரிசல் எழுத்தைக் கூர்ந்து பார்த்தால், கடிதம் அதன் அடிவேராக இருப்பது தெரியும். கோவில்பட்டியைத் தாண்டினால் இடைசெவல். அந்த ஒரே ஊரில் பிறந்து, ஒன்றாக வளர்ந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னை போனார். 1950களில் கோலாலம்பூருக்கும் போய்த் ‘தமிழ் நேசன்’ இதழில் வேலை பார்த்தார். கி.ரா. ஊரில் சம்சாரியாக இருந்தார். இருவருக்கும் நடுவே கடிதங்கள் ஓடின. அழகிரிசாமி எழுதியவற்றைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால் அவை பின்னாளில் நூலாகவே வந்தன. பள்ளிப் படிப்பை முடிக்காத கி.ரா.வின் கதைகள் அச்சில் வரத் தொடங்கியபோது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. அந்தக் கதைகளின் நடையைக் கவனியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரிடம் சொல்கிற தோரணை அதில் கடைசிவரை மாறவில்லை.

அந்த ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் சூட்சுமம். ஊரை முழுக்க அறிந்தவர். ஆனால் இப்போது ஊரில் இல்லாதவர். ஊர் தெரிந்தவர் என்பதால் கண்மாய் எது, மந்தை எது என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. கூச்சமில்லாமல் நம் சொல்லில் எழுதலாம். ஊரில் இல்லாதவர் என்பதால் நேற்று நடந்தது அவருக்குத் தெரியாது. அதனால் ஒன்றுவிடாமல், வரிசையாக, கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கதையின் முதல் படிக்கு இதைவிடப் பொருத்தமான வாசகர் கிடையாது.

ரமணாசிரமத்தில் இருந்த சூரி நாகம்மா செய்ததும் இதுதான். வங்கி வேலையில் இருந்த அண்ணன் கேட்டுக்கொண்டதால், 1945 நவம்பரிலிருந்து ஆசிரமத்தில் அன்றன்று நடந்ததைத் தெலுங்கில் கடிதம் கடிதமாக எழுதினார். அண்ணனும் ஆசிரமம் வந்து போகிறவர். இடம் தெரியும், ஆட்கள் தெரியும், அன்றைய செய்திதான் தெரியாது. நூல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் அவ்வளவு எழுதியிருப்பாரா என்பது சந்தேகம். அந்தக் கடிதங்கள்தான் இன்று மகரிஷியின் கடைசி ஆண்டுகளை அறிய எல்லோரும் புரட்டுகிற புத்தகம்.

நம் தாலுகாவில் இப்படி ஒரு ஆள் இல்லாத வீடு ஏது? மழை பொய்த்த வருசமெல்லாம் யாராவது கிளம்பிப் போயிருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தம்பி, சென்னையில் கடையில் சித்தப்பா, வளைகுடாவில் மாப்பிள்ளை. உங்கள் முதல் படியை அவருக்கு எழுதுங்கள். வித்தியாசம் எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒரு உதாரணம் எழுதிப் பார்க்கிறேன். எங்களுக்கு வரும் பல கதைகள் இந்த மாதிரித் தொடங்குகின்றன:

‘வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது அந்த ஏழைக் குடும்பம். கரி வியாபாரத்தை நம்பியே அவர்களின் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.’

இதையே திருப்பூர்த் தம்பிக்கு எழுதினால்:

‘தம்பி, நேத்து நம்ம சின்னையாவோட மூட்டம் போச்சு. காவலுக்குத்தான் படுத்திருந்தாரு. கோழி கூப்பிடுற நேரத்துல மேல் பக்கம் வாய் பிளந்திருக்கு. சின்னம்மாவும் அவருமா மண்ணள்ளிப் போட்டு மூடுறதுக்குள்ள உள்ளுக்குள்ள தீ ஏறிருச்சு. காலையில பிரிச்சுப் பார்த்தா பாதி சாம்பல். லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு சின்னையா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்காரு.’

கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றுப் புகாமல் நாள் கணக்கில் புகைய விட்டுக் கரி எடுப்பது நமக்குத் தெரிந்த தொழில். மூட்டத்தில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று தம்பிக்கு விளக்க வேண்டியதில்லை. வறுமை என்ற சொல் இரண்டாவதில் ஒரு இடத்தில்கூட இல்லை. ஆனால் லாரிக்காரனிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று படிக்கிறவர் தானே தெரிந்துகொள்கிறார். அடுத்து என்ன என்று அவரைக் கேட்க வைத்தாயிற்று. கதை அங்கிருந்து நகரும்.

கேட்பது இருபக்கமும் நடக்க வேண்டியது. எழுதுகிறவரும் ஊரைக் கேட்க வேண்டும். கி.ரா. நண்பர்களின் துணையோடு கரிசல் சனங்களின் பேச்சைச் சேகரித்து 1982இல் வட்டார வழக்குச் சொல் அகராதியைக் கொண்டுவந்தார். அந்தப் பாதையில் பிறகு பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதி செய்தார். 2014இல் பூமணி, 2018இல் நம் மல்லாங்கிணற்றுக்காரர் எஸ். ராமகிருஷ்ணன், 2019இல் சோ. தர்மன் என்று கரிசல்காட்டு நாவல்களுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். அதே வரிசையில் பார்த்தால், ‘அஞ்ஞாடி’ தலைமுறைகளின் வரலாற்றைக் கேட்டது. ‘சஞ்சாரம்’ நாகஸ்வரக் கலைஞர்களின் பாட்டைக் கேட்டது. ‘சூல்’ ஒரு கண்மாயைக் கேட்டது. இந்த மூன்றையும் வாசித்துவிட்டு எழுத உட்காருங்கள். நம் ஊரில் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று அவை சொல்லித்தரும்.

இனி கைப்பேசிக்கு வருகிறேன். அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. கதைக்காரருக்கு அது நல்ல துணை. அப்பத்தா பேசும்போது, அவரிடம் சொல்லிவிட்டு, பதிவு செய்துகொள்ளுங்கள். பேச்சின் இழுவையும் நிறுத்தமும் எந்தக் குறிப்பேட்டிலும் நிற்காது. பஸ்ஸில் வரும்போது தோன்றிய வரியைக் குரலில் சொல்லி வைத்துக்கொள்ளலாம். ஆனால் குரலை எழுத்தாக்கும் வசதியையும், தானாகத் திருத்தும் வசதியையும் நம்பி விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்ன வட்டாரச் சொல்லை எடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த வேறு சொல்லைப் போட்டுவிடும். வந்ததை வரி வரியாகப் பார்த்து உங்கள் சொல்லைத் திரும்ப வையுங்கள். தட்டச்சு செய்கிறவர்கள் யூனிகோடில் செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் வரும் கோப்புகள் இங்கே கட்டம் கட்டமாகத்தான் திறக்கின்றன.

முதல் படி முடிந்ததும் உடனே அனுப்பிவிடாதீர்கள். சில நாள் கழித்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, நம் ஊரே தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். தஞ்சாவூர்க்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ யாராகவும் இருக்கலாம். அவர் தடுக்குகிற இடத்தில் மட்டும் ஒரு சொல்லோ ஒரு வரியோ சேருங்கள். முதல் படியை ஊர்க்காரருக்கு எழுதி, இரண்டாம் படியை வெளியூர்க்காரருக்குத் திருத்துவது: இந்த வரிசை மாறினால் கதை பாடப்புத்தகம் ஆகிவிடும். பழைய படிகளை அழிக்காமல் தேதி போட்டு வைத்திருங்கள். வெட்டிய பத்தி இன்னொரு கதைக்கு உதவும்.

நேரம் பற்றிக் கேட்டவர்களுக்கு: உங்கள் வேலை விடுகிற நேரமே உங்கள் எழுத்து நேரம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் கை பழகும். ஒரு கடிதம் எழுதுகிற அளவு போதும். கடிதத்துக்கு யாரும் நல்ல நாள் பார்ப்பதில்லை.

சிறப்பிதழுக்குக் கதைகள் அனுப்பும் கடைசி நாளைத் தள்ளி வைத்திருக்கிறோம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நோட்டுத்தாளில் எழுதியது, கணினியில் தட்டியது எதுவானாலும் அனுப்புங்கள். கையெழுத்துப் பிரதிகளை நாங்களே தட்டச்சு செய்துகொள்கிறோம். ஒரே ஒரு வேண்டுகோள்: கதையின் தலைப்புக்கு மேல், அதை முதலில் யாருக்குச் சொல்வதாக நினைத்து எழுதினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். தம்பிக்கு, மதினிக்கு, கூடப் படித்தவளுக்கு என்று எதுவானாலும் சரி. அந்த வரியை அச்சிட மாட்டோம். கதையைப் படிக்கும்போது அந்த ஆளின் இடத்தில் உட்கார்ந்து நாங்கள் படிப்போம். அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையே உங்களுக்குத் திருப்பி எழுதுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்