வைடூரியமும் குருந்தமும்: கொங்குக் கனிமப் பெயர்கள் குறித்துச் சில கருத்துகள்

பெரில், கொரண்டம் என உலகெங்கும் வழங்கும் கனிமப் பெயர்கள் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. கல்லை எடுத்தவரும் விற்றவரும் வழங்கிய சொற்களின் வழிவந்தவை. இவ்விரு கனிமங்களும் கிடைக்கும் நிலம் கொங்குநாடு. ஆயினும் அவற்றின் பெயர்களைத் தமிழாய்வு கையாளும் முறையில் தெளிவு போதாது.

பிராகிருத 'வேருலிய' கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' ஆயிற்று. 1798இல் வாக்லான் இக்கல்லில் கண்டறிந்த தனிமம் பின்னர்ப் பெரிலியம் எனப் பெயர்பெற்றது. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடிக்கு வழங்கும் 'பிரில்லெ'யும் இதன் வழிவந்ததே. வேருலியத்தின் மூலம் திராவிடம் என்பார், வேளூர் என்னும் ஊர்ப்பெயரையோ வெளிறு என்னும் சொல்லையோ காட்டுவர். முன்னது ஒலியொப்புமையை மட்டுமே நம்பி நிற்கிறது. பின்னது வெளிர்நிறக் கல்லுக்குப் பொருளாலும் பொருந்துகிறது; எனினும் முடிந்த முடிபாகாது.

சொற்பிறப்பினும் சிக்கலானது பொருள்மாற்றம். வேருலியத்தின் வடமொழி இணை வைடூரியம். அருத்தசாத்திரம் வைடூரியத்துக்குக் கூறும் நீர்நிறம், மூங்கில்நிறம், கிளிச்சிறகுநிறம் ஆகியன பெரிலுக்கே ஒத்துவருகின்றன. இன்றைய நவமணி வழக்கிலோ வைடூரியம் என்பது பூனைக்கண் போல ஒளிக்கோடு ஓடும் கிரைசோபெரில். பெயரில் ஒட்டுறவு இருப்பினும் அது வேறு கனிமம்.

நொய்யற்கரைக் கொடுமணல் அகழாய்வுகள் மணி செய்யும் தொழிற்கூடங்களை வெளிப்படுத்தின. அங்குக் கிடைத்த பெரிலுக்குப் படியூரும் நீலக்கல்லுக்குச் சிவன்மலைப் பகுதியும் மூலமாகக் கருதப்படுகின்றன. பதிற்றுப்பத்து (67, 74) சுட்டும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. இப்பெரிலை ஒருவர் வைடூரியம் என்றும் மற்றொருவர் பச்சைக்கல் என்றும் எழுதினால், படிப்பவர் ஓரிடத்தில் பூனைக்கண்ணையும் மற்றோரிடத்தில் மரகதத்தையும் எண்ணுவர். மரகதமும் பெரில் வகையே; ஆனால் படியூர்க் கல் கடல்நீல வகையினது. இலக்கியச் சான்றை அகழாய்வுப் பொருளோடு ஒப்பிடும் கட்டுரையில் இக்குழப்பம் முடிவையே மாற்றிவிடக்கூடும். எனவே பழைய நூல்களின் வைடூரியத்துக்குக் காலமுறை நோக்கிப் பொருள் கொள்வதும், தொல்லியல் எழுத்தில் பெரில் என்றே வழங்குவதும் தக்கன. அது கடன்சொல் என அஞ்ச வேண்டுவதில்லை. இந்திய மண்ணிலிருந்து சென்று திரும்பிய சொல் அது.

குருந்தத்தின் நிலை வேறு. 1798இல் சார்லஸ் கிரெவில் இராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையால் 'கொரண்டம்' அறிவியல் வழக்கில் நிலைபெற்றது. அச்சொல்லின் மூலம் தமிழ்க் குருந்தம் என்பதை ஆங்கில அகராதிகளே ஒப்புகின்றன. தொடர்புடைய குருவிந்தம் மாணிக்க வகையைக் குறிக்கும். மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் நிறவேறுபாடுகளே என்பதால் இங்குப் பொருள் பெரிதும் பிறழவில்லை. அவ்வாறிருக்க, நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறையில் உள்ளதைத் தமிழில் கொரண்டம் என எழுதுவது தேவையற்றது. குருந்தத்தின் தாய்ப்பாறையிலிருந்த மற்றொரு கனிமத்துக்குப் பூர்னோன் 1802இல் இட்ட 'இண்டியனைட்' என்னும் பெயரோ வழக்கொழிந்தது. அது அனார்த்தைட்டின் வகையே எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

காங்கேயம் வட்டாரத்தில் கல் பொறுக்குவோரும் பட்டை தீட்டுவோரும் இன்றும் உளர். பட்டை தீட்டாத கல்லுக்கும் அதன் குற்றத்துக்கும் தரத்துக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் களஆய்வில் தொகுக்கப்பட வேண்டும். ஊர்ப்பெயராய்வுக்குத் தமிழ்த்துறைகள் ஒதுக்கும் உழைப்பில் ஒரு பங்கேனும் இதற்குக் கிடைத்தால், சிலப்பதிகார ஊர்காண் காதையின் மணிவகைகளுக்கு உரை காண்போர்க்கும் அத்தொகுப்பு பயன்படும். தொழில் இயந்திரத்துக்கு மாறுந்தோறும் அச்சொற்கள் குறையும். தொகுப்பதற்கான காலம் இதுவே.