அடங்குதல் அமைதி ஆகாது

உரிமை வேண்டுமென்று ஓரினம் வாய் திறக்கும்போதெல்லாம், ஆள்வோர் வாயினின்று முதற்கண் வெளிவரும் சொல் 'அமைதி' என்பதே. "முதலில் அமைதி திரும்பட்டும், உரிமையைப் பின்னர்ப் பார்ப்போம்" என்பர். கேட்டற்கு இனிய இவ்வுரையை நம்மவருள்ளும் பலர் தலைமேற் கொண்டு, உரிமை கேட்பாரையே அமைதி கெடுப்பார் எனக் கடிகின்றனர். ஆதலின், விடுதலை, உரிமை, அமைதி என்னும் முச்சொற்களின் பொருளையும், அவற்றுள் எது முன்னது எது பின்னது என்பதையும் தெளிதல் இன்றியமையாததாகும்.

விடுதலை என்பது விடு என்னும் வினையடியாகப் பிறந்தது. பிறர் பிடியினின்று நீங்குதல் என்க. உரிமை என்பது தனக்குரியதைத் தன்பாற் கொண்டு அஞ்சாது துய்த்தல். முன்னது கட்டவிழ்தல், பின்னது விரும்பியவாறு நடத்தல். கட்டவிழ்க்கப்பெற்றார் எல்லாரும் நடக்க விடப்பெற்றார் ஆகார். அமைதியோ அமை என்னும் அடியினது. அமைதலாவது பொருந்துதல், நிறைதல். அவரவர்க்குரியது அவரவரிடம் பொருந்தி நிற்கும் நிறைவே அமைதியாம். அடங்குதல் வேறு, அமைதல் வேறு.

இவ்வேறுபாட்டை யான் நூலில் கற்றேன் அல்லேன், வகுப்பறையிலேயே கற்றேன். ஆசிரியப் பணியேற்ற புதிதில், பிரம்பைக் கையிற் கொண்டு வகுப்பைச் சிற்றோசையும் இன்றி வைத்திருந்தேன். கண்டோர் பாராட்டினர், யானும் செருக்குற்றேன். தேர்வுத் தாள் திருத்துங்கால், ஒரு செய்யுளின் பொருளைப் பாதி வகுப்பு பிழைபட எழுதியிருந்தமை கண்டேன். "விளங்காததை ஏன் கேட்கவில்லை?" என்று வினவினேன். "அடிப்பீர்களோ என்று அஞ்சினோம், ஐயா" என்றான் ஒரு சிறுவன். யான் அமைதி எனக் கருதியிருந்தது அச்சமே என்பது அன்று விளங்கிற்று. வகுப்பறையில் நேர்ந்த இப்பிழை நாட்டில் நேருமாயின், அதன் விலை மதிப்பெண் அன்று, உயிர்.

கிழக்கு வங்காளத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1947-இல் ஆங்கிலவர் பிடியினின்று நீங்கித் தோன்றிய பாக்கித்தானில், மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் வங்காள மொழியினர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் சிறுபான்மையரே. எனினும், 1948 மார்ச்சு 21-ஆம் நாள், நாட்டின் ஆட்சிமொழி உருது ஒன்றே என்று முகம்மது அலி சின்னா தாக்கா நகரில் அறிவித்தார். நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு அதுவே வழி என்பது ஆள்வோர் கொள்கை. 1952 பிப்பிரவரி 21-ஆம் நாள், கூட்டம் கூடலாகாது என்னும் தடையாணையை மீறித் தாய்மொழிக்கு இடங்கேட்டு மாணவர் திரண்டனர்; சுடப்பட்டனர்; உயிர் நீத்தனர். தடையாணை பிறந்தது பொது அமைதியின் பெயரால்! அவ்வமைதி குருதியில் முடிந்தது.

1956-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, உருதுவோடு வங்காளத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது. மூவாண்டிற்குள் படையாட்சி வந்து குடியாட்சியையே விழுங்கிற்று. 1970 திசம்பர்த் தேர்தலில், கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளுள் 160-ஐ அவாமிக் கட்சி வென்றது. மக்கள் வாக்கால் கேட்டதற்கு, 1971 மார்ச்சு 25-ஆம் நாளிரவு படை விடையிறுத்தது. அவ்வாண்டு திசம்பர் 16-இல் அப்படை பணிந்தது. வங்காளதேசம் என்னும் தனிநாடு நிலைபெற்றது. உரிமையை முன்னரே கொடுத்திருப்பின் பெற்றிருக்கத்தக்க அமைதியை, அதனை மறுத்தமையால் ஆள்வோர் நாட்டிற் பாதியோடு சேர்த்து இழந்தனர்.

இத்துணையோடு நிறுத்தின், விடுதலை வந்தாற் போதும், அமைதி தானே வரும் என்று நாம் கருதிவிடுவோம். வரலாறு அங்ஙனம் நிற்கவில்லை. வங்காளதேசத்தின் தென்கிழக்கே சிட்டகாங்கு மலைப்பகுதி உள்ளது. சக்குமா, மர்மா முதலிய மலைவாழ் இனத்தார் அங்கு வாழ்கின்றனர். அவர்தம் மொழியும் வாழ்வும் வேறு. 1972-இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பு, குடிமக்கள் அனைவரும் வங்காளியர் எனப்படுவர் என்றது. மலைமக்களின் பேராளராகிய மானவேந்திர நாராயண் லார்மா அதனை எதிர்த்தார். தம் மக்கள் அந்நாட்டின் குடிமக்களேயன்றி வங்காளியர் அல்லர் என்பது அவர் வழக்கு. அது கேட்பாரற்றுப் போயிற்று. உருதுவை ஏற்க மறுத்து உயிர் கொடுத்த இனம், இருபதே ஆண்டிற்குள் பிறர்மேல் தன் பெயரைச் சுமத்திற்று.

விளைவு யாது? இரண்டு பத்தாண்டிற்கும் மேலாக அம்மலைகளில் போர். அரசை எதிர்த்துப் படைக்கலம் ஏந்திய மலைமக்கள் தம் படைக்கு இட்ட பெயர் 'சாந்தி வாகினி'. அமைதிப் படை என்பது பொருள்! 1997 திசம்பர் 2-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று, படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட்டன. எனினும், நிலவுரிமை பற்றிய சிக்கல் இன்றளவும் முற்றத் தீரவில்லை. ஆதலின் அங்கு அமைதியும் முற்ற நிலைபெறவில்லை. உரிமை எவ்வளவு கிட்டிற்றோ, அமைதியும் அவ்வளவே.

ஆகவே, விடுதலை வாயில், உரிமை இல்லம், அமைதி இல்லத்துள் ஏற்றும் விளக்கு. வாயிலைக் கடந்தோர் தம்முடன் வாழ்வார்க்கும் இல்லத்தில் இடந்தராவிடின், விளக்கு எரியாது, இல்லமே எரியும். உரிமை கொடுப்பின் பூசல் பெருகும் என்பார்க்கு விடை இதுவே: பூசலை விளைப்பது கேட்பவர் குரலன்று, கேளாதார் செவியே.

தமிழ்ப் பெருமக்காள்! பிப்பிரவரி 21-ஐ உலகத் தாய்மொழி நாள் என்று யுனெசுகோ 1999-இல் அறிவித்தது. அந்நாளைக் கொண்டாடும் நாம், நம் மொழிக்குரிய இடத்தைத் தளராது கேட்போம். 'அமைதி' என்னும் சொல்லால் நம் வாயடைக்க எவரையும் விடோம். அதனோடு, நம் நீலமலையில் தோடரும் கோத்தரும் படகரும் தத்தம் மொழியில் பேசுங்கால், "இதற்கு எழுத்துண்டோ, ஏடுண்டோ?" என்று எள்ளும் நாவும் நம்முள் உண்டு என்பதை மறவாதிருப்போம். அந் நாவை முதலில் அடக்குவோம். பிறர்க்குரியதைப் பிறர்க்கு விடுவார்க்கே தமக்குரியதைக் கேட்கும் வாய் உண்டு. அடக்கப்பட வேண்டுவது ஆணவம் ஒன்றே. உரிமைக் குரல் அன்று.