ஜெனரேட்டரை மேலே ஏற்றுங்கள்

டெல்லியில் குளிர் தொடங்கினாலே டீசல் ஜெனரேட்டருக்குக் கெட்ட காலம். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தாத, எரிவாயுவுக்கும் மாற்றாத ஜெனரேட்டர்களைத் தலைநகர் வட்டாரத்தில் இயக்க 2023 அக்டோபர் 1 முதல் கட்டுப்பாடு. அதற்கு 3 மாதம் முன்பே நாடு முழுவதும் புதிய ஜெனரேட்டர்களுக்குப் புகை வரம்பை இறுக்கிவிட்டார்கள். சென்னைக்கும் ஒரு தடை வந்தால் வியப்பதற்கில்லை.

புகையை அளக்க இத்தனை பேர். அந்த இயந்திரம் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்று அளக்க ஒருவரையும் காணோம்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் அறுந்ததும் ஜெனரேட்டர்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் கடல் உள்ளே வந்தது. அங்கிருந்தவை 13. பல கீழ்த்தளத்தில் நின்றன. சில நனையாமல் தப்பியும் பயனில்லை. அவற்றின் சுவிட்ச் போர்டுகள் கீழே மூழ்கிவிட்டன. கடைசிவரை ஓடியது, 6ஆம் உலைக்காக மேட்டில் வைத்திருந்த ஒன்றே ஒன்று. தண்ணீரை நம்பாமல் காற்றில் குளிர்கிற வகை அது. 5ஆம், 6ஆம் உலைகள் பிழைத்தது அந்த ஒன்றால்தான்.

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் சாண்டி புயல். பெல்வியூ மருத்துவமனைக்காரர்கள் ஜெனரேட்டரை 13ஆம் மாடியில் வைத்திருந்தார்கள், கெட்டிக்காரர்கள்தான். ஆனால் டீசலை ஏற்றும் பம்பு பேஸ்மென்ட்டில்! படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி எண்ணெய் ஏற்றினார்கள்.

நம் ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சென்னையின் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரேட்டர் முடங்கியது. தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்தார்கள். காரணம் மின்தடையா, நோயா என்று அப்புறம் வழக்காடினார்கள்.

‘பேட்டரி இருக்கிறதே’ என்பவர்கள் கணக்குப் போட்டதில்லை. 200 கிலோவாட் தேவைப்படும் மருத்துவமனையை 2 நாள் நடத்த 9,600 யூனிட் வேண்டும். லிட்டருக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல் என்றால், சுமார் 3,000 லிட்டர் டீசல். டேங்கர் லாரியில் கால்வாசி. அத்தனை யூனிட்டைப் பேட்டரியில் அடைத்து வைத்துவிட்டு வந்து பேசட்டும்.

ஜெனரேட்டர், பேனல், டீசல் பம்பு மூன்றும் வெள்ள மட்டத்துக்கு மேலே இல்லாத மருத்துவமனைக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. அந்த விதி வரும்வரை மருத்துவமனை ஜெனரேட்டர்கள் மீதான புகைக் கட்டுப்பாடுகளை அரசு நிறுத்திவைக்க வேண்டும்.