பொரித்தது பொரித்ததுதான்

நங்கநல்லூரில் பலகாரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே வாங்கும் முறுக்கை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு மக்காச்சோள டார்ட்டியா சிப்ஸ் கொடுங்கள்; மக்காச்சோளம் சத்தானது, குளூட்டனும் கிடையாது என்கிறது ஒரு வாதம்.

முதலில் எண்ணெய்க் கணக்கு. அந்தச் சிப்ஸும் பெரும்பாலும் பொரித்தெடுப்பதுதான். 100 கிராமில் ஏறக்குறைய 500 கலோரி; கொழுப்பு மட்டும் 20 கிராமுக்கு மேல். முறுக்கும் இதற்கு அண்ணன் தம்பிதான். குளூட்டன் இல்லாதது என்ன தனிப் பெருமை? அரிசியிலும் உளுந்திலும் அது என்றைக்கு இருந்தது? கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம் சேராதவரை முறுக்கிலும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். மெக்சிகோ முறைப்படி மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்தால் அதிலுள்ள நியாசின் உடம்பில் சேரும், கால்சியமும் கூடும். ஆனால் அந்த நன்மை அதை ரொட்டியாகச் சுட்டுத் தின்றாலே கிடைத்துவிடும். எண்ணெயும் உப்பும் எதற்கு? நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிப்ஸோடு சீஸ் சாஸும் சேர்ந்தால் அந்த வரம்பு சீக்கிரம் நெருங்கிவிடும்.

மாற்றுதான் வேண்டுமென்றால் கொண்டைக்கடலைச் சுண்டல் இருக்கிறது. வெந்த கடலை 100 கிராமில் சுமார் 165 கலோரி, 9 கிராம் புரதம். ஆசைக்குச் சிப்ஸ் தின்னுங்கள், தப்பில்லை. அதற்கு ஆரோக்கியப் பட்டம் கட்டாதீர்கள்.