வெளியின்றி வெளிமான் இல்லை

கோடி என்றால் முனை. சோழநாட்டுக் கரை கடலுள் நீண்டு முடியும் முனையாதலின் அவ்விடம் கோடியக்கரை ஆயிற்று. அதன் வடக்கே உள்ள ஊர் மறைக்காடு. அந்நற்றமிழ்ப் பெயரை வேதாரணியம் என மாற்றி வழங்குகின்றனர். மறைகள் பூசித்து அடைத்த கதவை நாவுக்கரசர் தமிழ் பாடித் திறந்தார் என்பது அவ்வூர் வழக்கு. கோயிற்கதவைத் திறந்த தமிழுக்கு ஊர்ப்பெயரில் இடமில்லை!

பெயர்தானே என்பார் உளர். அண்மையில் மாணவர் சிலருடன் கோடியக்கரைக் காட்டுக்குச் சென்றோம். முறுக்குண்ட கொம்பும் கருமேனியும் வெள்வயிறும் உடைய ஆண்மான் ஒன்று புல்லிடையே நின்றது. நம் மாணவன் 'பிளாக் பக்' என்றான். அவ்வூர்ச் சிறுவனோ 'வெளிமான்' என்றான். நம் முன்னோர் இரலை என்றதும் இதனையே. முன்னது நிறத்தை மட்டும் கூறிற்று. பின்னது வாழ்வையே கூறிற்று. கூரிய கண்ணாலும் விரைந்த காலாலும் உயிர் காக்கும் இம்மானுக்குத் திறந்த வெளியே அரண்.

அவ்வெளிதான் இன்று சுருங்குகின்றது. இம்மானைக் காக்கவே 1967ஆம் ஆண்டில் அக்காடு காட்டுயிர்ப் புகலிடமாக்கப்பட்டது. பூநாரை முதலிய வலசைப் பறவைகள் இரைதேடும் சதுப்புநிலமும் சேர்ந்த 38,500 எக்டேர் பரப்பு, 2002இல் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புப் பெற்றது. ஆயினும், விறகுக்கெனக் கொணரப்பட்ட சீமைக் கருவேலம் புல்வெளியுள் புகுந்து பரவுகின்றது. அதன் இனிய நெற்றைத் தின்னும் விலங்குகளின் சாணத்தோடு விதையும் பரவுகின்றது. வெட்டினால் மீண்டும் தழைக்கின்றது. புல்லும் பாலைமரமும் இருந்த நிலத்தை முள் கவர்கின்றது.

அம்முனை இழப்பை அறியாததன்று. சோழர் காலத்தது எனப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் வீழ்ந்தது. 2018 நவம்பரில் வீசிய கசாப் புயல் எண்ணிறந்த மரங்களைச் சாய்த்தது. வீழ்ந்த விளக்கத்தை மீட்டல் அரிது. பழங்கல்லும் பழங்கையும் மீளா. புல்வெளியை மீட்டல் இயலும். கடலும் காற்றும் செய்த கேட்டுக்கு நாம் பொறுப்பல்லோம். முள்ளை வளரவிட்ட கேடு நம்முடையது.

ஆதலின், சீமைக் கருவேலத்தை வேரோடு களைதல் வேண்டும். முளைக்குந்தோறும் களைதல் வேண்டும். அவ்விறகையே நம்பி வாழும் ஏழையர்க்கு மாற்று வழி காட்டிய பின்னரே அது செய்தல் அறமாகும். காட்டின் அறிவிப்புப் பலகைகளில் வெளிமான், பூநாரை, பாலை எனத் தமிழ்ப்பெயர்கள் முதலில் நிற்றல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! மாணவரை அங்கு அழைத்துச் செல்லுங்கள். அவ்வூர்ச் சிறுவரிடம் பெயர்களைக் கேட்கச் செய்யுங்கள். 1930இல் உப்பள்ளி அறப்போர் புரிந்த மண் அது. உரிமையை அள்ளிய கைகளுக்கு முள்ளை அகழ்தல் அரிதன்று. வெளி போனபின் வெளிமான் என்னும் சொல் அகரமுதலியில் மட்டும் வாழும். அச்சொல் புல்வெளியில் துள்ளி வாழட்டும்!