மூக்கு ஜங்ஷன்

ஞாயிறு காலை ஆறு மணி. திண்டிவனத்திலிருந்து அக்கா போன். ''தம்பி, குட்டிக்கு மூணு நாளா சளி, ஜுரம். மாமா மெடிக்கல் ஷாப்புல போன தடவை கொடுத்த அதே ஆன்டிபயாடிக்கை வாங்கிட்டு வந்துட்டார். கொடுக்கலாமா?''

நான் வெறும் பி.காம். ஆனால், பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு மூடநம்பிக்கை! ''கொடுக்காதே, வர்றேன்'' என்று விழுப்புரத்தில் பஸ் ஏறினேன்.

குழந்தைகள் டாக்டர் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தார். ''நீங்க விழுப்புரமா? உங்க ஜங்ஷனை வெச்சே சொல்றேன்.''

விழுப்புரத்தில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று லைன் பிரிகிறதல்லவா? குழந்தையின் மூக்கும் தொண்டையும் அப்படித்தான். காதுக்கு ஒரு லைன், சைனஸுக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று. பிளாட்பாரத்தில் நிமோகாக்கஸ் என்கிற பாக்டீரியா டிக்கெட் வாங்காமல் படுத்துக் கிடக்கும். நன்றாக இருக்கிற குழந்தையிடமும் உண்டு. தொந்தரவில்லை. பெருக்கித் தள்ள, மூச்சுக்குழாயில் பொடி மயிரிழைகள் இருக்கின்றன.

வைரஸ் வந்ததும் முதலில் அந்தத் துடைப்பத்தை ஒடிக்கிறது. ஃப்ளூ வைரஸ் இன்னும் மோசம். சளியில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையை வெட்டியெடுத்து பாக்டீரியாவுக்கு ஓசி டிபன் போடுகிறது! தின்று பெருகியவை ரயிலேறுகின்றன. காதில் இறங்கினால் சீழ், நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. 1918 ஃப்ளூவில் உலகமெங்கும் செத்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது, இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியாதான்.

''அப்ப இப்பவே அதைக் கொன்னுடலாமே?'' மாமா விடவில்லை.

''வைரஸை இந்த மருந்து தொடாது சார். சாதுவா கிடக்கிற பாக்டீரியா காலியாகி, மருந்துக்கு மசியாத ரவுடி மட்டும் மிஞ்சும். தேவைப்பட்டா நானே எழுதித் தர்றேன்.''

நிமோகாக்கஸ் தடுப்பூசியை 2021 முதல் தமிழக அரசே இலவசமாகப் போடுகிறது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாவது மாதம். குட்டிக்கு மூன்றும் ஆச்சு. எல்லா வகையையும் அது தடுக்காது என்பதால், டாக்டர் ஒரு கணக்கும் சொல்லிக் கொடுத்தார்.

''குழந்தை அழாம இருக்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. ரெண்டு மாசத்துலேர்ந்து ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40. அதைத் தொட்டாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்காட்டியோ உடனே ஆஸ்பத்திரி. விட்ட ஜுரம் திரும்பினாலும் தூக்கிட்டு வாங்க.''

இரண்டு வயசுக் குட்டிக்கு 32. நிம்மதியாகத் திரும்பினேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு மாமா போன். ''மாப்ளே, 30!'' ஒரு மணிக்கு, ''31!'' மூன்று மணிக்கு, ''மாப்ளே... 42!'' பதறி எழுந்து சட்டையை மாட்டினேன்.

''குழந்தைக்கு இல்லப்பா. மாடிப்படி ஏறி வந்தேன்... எனக்கு!''